படிப்பகத் திண்ணைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் உள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் திண்ணையில் மறுபடியும் ஆள் உட்காருகிறது. அதைத் திருப்பிக் கட்ட உழைத்த எல்லோருக்கும் படிப்பகக் குழுவின் வணக்கம்.

முதல் நன்றி, வரைபடத்தைத் திருத்திய அப்பத்தாக்களுக்கு. வரைபடத்தில் உயரம் 2 அடி. சாந்தில்லாமல் அடுக்கிய செங்கல்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள், கால் தொங்குகிறது என்று எழுந்துவிட்டார்கள். வரி வரியாகச் செங்கலை இறக்கி, பாதம் தரையில் பாவும் இடத்தில் நிறுத்தியபோது பூச்சும் மேலே பதிக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் சேர்த்து 16 அங்குலம். அகலம் 3 அடி, மதியம் ஒருக்களித்துப் படுக்கலாம். சுவரோரம் சரிவான தலைத்திண்டும் அவர்கள் கேட்டதே. அது இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான். சாரல் தேங்காமலிருக்க வெளிப்பக்கம் அரை அங்குலம் வாட்டம். கிழக்கு பார்த்த வாசலை மாற்றாதே என்றதும் அவர்களே. சாயங்காலம் கட்டடத்தின் நிழல் திண்ணைமேல் விழுகிறது.

கொத்தனார் அண்ணன்களுக்கும் சித்தாள் அக்காமாருக்கும் நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். பழைய சுண்ணாம்புச் சுவரில் யாரோ சிமெண்டு பூசிவைத்திருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்துவிட்டது. அதை முழுக்கக் கொத்தி எடுத்தீர்கள். சுண்ணாம்பை நீற்றி மூன்று வாரம் தண்ணீருக்கடியில் வைத்தீர்கள். நீறாத கட்டி ஒன்று தப்பினாலும் பிறகு சுவருக்குள் ஊதி வெடிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். தடித்துப் பூசினால் விரிசல் விடும் என்று அரை அங்குலத்துக்கும் குறைவாகப் பூசி, ஈரச் சாக்குப் போட்டு வெயிலை அண்டவிடவில்லை. இரண்டு வாரம் வேளை தவறாமல் சாக்கை நனைத்த பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்களே, கல் சூளையில் வேகிறதில்லை, கண்ணாடிமேல் சாயத்தை ஊற்றி வார்த்துத் தண்ணீரில் ஊறவைப்பது என்று பொறுமையாகக் காட்டினீர்கள். அவசரப்படுத்தினோம், ஊறும் நாளைக் குறைத்தால் ஓரம் உதிரும் என்று நீங்கள் மசியவில்லை. நல்லவேளை.

பெருக்கித் துடைக்க முன்வந்த மகளிர் குழு அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள்: கல்மேல் ஆசிட் ஊற்றாதீர்கள், சிமெண்டையும் சாயத்தையும் அரித்துவிடும். வெறும் தண்ணீர், எப்போதாவது துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். மிச்சக் கற்கள் பரணில் இருக்கின்றன. சாவி டீக்கடை அண்ணனிடம்.