மாச வாடகையும் நாள் வாடகையும்

இராமேஸ்வரம்
மே 18, 2025

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மாடி வீட்டு விஷயம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அதை முடிக்காமல் உனக்கு எழுதினால் பாதிதான் எழுதியதாக இருக்கும் என்று வைத்துவிட்டேன். நேற்று ராத்திரி முடிவு பண்ணியாயிற்று.

இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் தாங்க முடியவில்லை. மகள் போன வாரம் தாம்பரம் ரயிலில் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். பாம்பன் புதுப் பாலம் திறந்த அன்றைக்கே விட்ட ரயில் அது. ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்த பிள்ளை இப்போது படுத்துக்கொண்டு வருகிறாள். எனக்கு அந்தப் பாலத்தில் பிடித்ததே அதுதான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஆறு ரூம் கட்டினாய், பெயின்ட் காய்வதற்குள் ஆள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கம்பெனியில் முதல் கார் வெளியே வந்த 1998-ல் நீ ஒரு பெட்டியோடு அங்கே போனவன். அன்றைக்கு நீ வாடகைக்கு ரூம் தேடி அலைந்தாய், இன்றைக்கு உன்னிடம் ஆறு பேர் சாவி வாங்குகிறார்கள். நம்மூரில் வாடகை எப்படி என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்ல முடியாது மாப்ளே.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றபோது இரண்டேகால் வருஷம் மண்டபத்தோடு வண்டி நின்றுவிட்டது. அப்போதும் பஸ்ஸிலும் வேனிலும் ஜனம் வரத்தான் செய்தது. ஏப்ரல் 6-ம் தேதி பாலம் திறந்த பிறகு ஊர் தாங்கவில்லை. அக்னி தீர்த்தம் போகும் வழியில் காலை நாலு மணிக்கே நடக்க இடமில்லை. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நாம் பார்த்த கூட்டத்தைச் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் பார்க்கிறேன். எங்கள் தெருவில் பதினொரு வீடு உனக்குத் தெரியும். அதில் நாலு வீட்டு வாசலில் இப்போது ‘ரூம் கிடைக்கும்’ என்று போர்டு தொங்குகிறது. அந்த நாலிலும் போன வருஷம் வரை குடித்தனம் இருந்தது.

என் மாடியைக் கேட்டும் ஒரு புரோக்கர் வந்தார். நல்ல மனுஷன்தான். நம் வீட்டு நாள்காட்டியில் அன்றைய தேதியைக் கிழித்து, அதன் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு ரூமுக்கும் ஏசி மாட்டினால் சீசனில் நாளுக்கு 2,000, மற்ற நாளில் 800. மாசத்தில் பதினைந்து நாள் ஓடினாலே 20,000 தொடும் என்றார். இப்போது எனக்கு மாடியிலிருந்து வருவது 4,500. அந்தச் சீட்டை நான் கிழித்துப் போடவில்லை. சட்டைப் பையில் ஒரு வாரம் இருந்தது.

நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புரோக்கருக்கு கமிஷன், ஆன்லைனில் போட்டால் அவர்களுக்கு ஒரு பங்கு, விரிப்பு துவைக்க, கூட்டிப் பெருக்க ஒரு ஆள், கரண்ட் பில். எல்லாம் போக 10,000, 12,000 நிற்கும். மாச வாடகையைவிட இரண்டு மடங்குக்கு மேலேதான். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. மாடி கட்ட வாங்கிய கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.

தண்ணீரை மட்டும் அவர் அந்தச் சீட்டில் எழுதவில்லை. இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, கடலிலும் முங்கி வருகிறவர்களுக்கு ரூமுக்கு வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும். நியாயம்தானே. ஒரு குடும்பம் வந்தால் தொட்டி பாதி காலி. நம் வீட்டுக் கிணறு உனக்குத் தெரியும், அப்பத்தா காலத்தில் அதைக் குடித்தோம். இந்த வருஷம் பருப்பு வேகவில்லை. பக்கத்து வீட்டில் நாள் வாடகைக்கு விட்ட பிறகு மோட்டார் ஓயாமல் ஓடுகிறது. என் கிணறு உப்பானதற்கு அதுதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த மோட்டார் சத்தம் கேட்கும்போது வயிற்றைப் பிசைகிறது. மாடிச் சீலிங்கில் போன மழைக்கு ஒரு முழம் பூச்சு விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து இலை இலையாக உரிகிறது. கடற்கரையில் வீடு கட்டினால் வாடகையில் பாதியை உப்பு வாங்கிக்கொள்ளும்.

மாடியில் இருப்பவரைப் பற்றி எழுதியிருக்கிறேனா? விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆறு வருஷமாக இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு நகராது. அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அதில் இரண்டு மாசம் நாலு பேர் சாப்பிட வேண்டும், அப்புறம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். எனவே இந்த இரண்டு மாச வாடகையை நான் கேட்பதில்லை. ஜூலையிலிருந்து மாசம் ஐந்நூறு, ஆயிரம் என்று கூட்டிக் கொடுத்துத் தீர்த்துவிடுவார். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

இதில் எனக்கு மனசு அடித்துக்கொள்வது எதற்குத் தெரியுமா? அவர் கையில் காசில்லாத அந்த இரண்டு மாசம்தான் ஊருக்குக் கோடை விடுமுறைச் சீசன். நாள் வாடகை உச்சத்தில் நிற்பதும் அப்போதுதான். படகு கட்டிக் கிடக்கிற நாளில் அவர் வீட்டின் விலை ஏறுகிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்ல அதைவிட ‘லாபமான’ நேரம் வீட்டுக்காரனுக்குக் கிடையாது. எதிர்த்த வீட்டில் அப்படித்தான் சித்திரையில் காலி பண்ணச் சொன்னார்கள். அவர்கள் தங்கச்சிமடம் போனார்கள். அங்கேயும் வாடகை ஏறிவிட்டது. பட்ஜெட்டில் விமான நிலையம் என்று சொன்னதிலிருந்து உச்சிப்புளி வரைக்கும் சென்ட் கணக்கில்தான் பேச்சு.

லாட்ஜில் விரிப்பு மாற்றுகிற பெண்கள், ஓட்டலில் மாவாட்டுகிறவர், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், இவர்கள் யாரும் நாள் வாடகை கொடுத்து இருக்க முடியாது. பாலம் தாண்டிப் போய், தினம் பஸ் ஏறி வர வேண்டும். யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். அவர்களை வைத்துத்தான் ஊரே பிழைக்கிறது. ஆனால் அவர்களுக்கு வேலை செய்கிறவர்கள் ஊருக்குள் இருக்க இடம் வேண்டாமா?

உன் பக்கத்திலும் இதே கதைதான், வேறு மாதிரி. என் மகள் கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் பன்னிரண்டு பெண்கள், ஒரே ஒரு பாத்ரூம். ஷிப்ட் முடிந்து வருகிறவள் படுக்க, ஷிப்டுக்குப் போகிறவள் எழுந்த பாயைக் கொடுப்பாள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கியதால் வீட்டுக்காரருக்கு ஒரு குடும்பத்துக்கு விடுவதைப் போல மூன்று பங்கு வந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி அரசு 706 கோடி ரூபாயில் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தபோது, அந்த எண்ணைப் பேப்பரில் பார்த்து அதிர்ந்துபோனேன். நம்மூர்ப் பக்கத்தில் எத்தனை கிராமத்துப் பெண்கள் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை வரும்! பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே நாம் வீட்டு வாடகை பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் உன்னிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன்: ரூமுக்கு எத்தனை பேரை வைத்திருக்கிறாய்? அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினாய்? பத்து மாச அட்வான்ஸ் என்றால் வேண்டாம் மாப்ளே. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாசம் என்கிறது, தனியாக வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதாவிட்டால். பத்து மாசப் பணம் எந்தப் பிள்ளையின் கம்மலை வைத்து வந்ததோ, நமக்குத் தெரியாது.

நம் பக்கம் ஒத்திக்கு விடச் சொல்லியும் ஒருவர் வந்தார். இரண்டு லட்சம் மொத்தமாகக் கையில் தருகிறேன், மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது திருப்பிக் கொடுங்கள் என்றார். கடன் அடையும், ஆனால் திருப்பிக் கேட்கிற அன்றைக்கு நான் எங்கே போவேன்? ஒத்திப் பணத்தைச் செலவழித்துவிட்டு, குடியிருப்பவரையும் வெளியே அனுப்ப முடியாமல், தானும் உள்ளே வர முடியாமல் நிற்கிறவர்களை நம் தெருவிலேயே பார்த்துவிட்டேன்.

சரி, முடிவுக்கு வருகிறேன். மாடி மாச வாடகையிலேயே இருக்கும். ஆவணியிலிருந்து 5,000 ஆக்கிக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டேன், சரி என்றார். ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணிக்கொள்வோம் என்றும் பேசியிருக்கிறோம். கீழே வாசல்பக்கத்து ஒற்றை ரூமை மட்டும் சீசனில் நாள் வாடகைக்கு விடுகிறேன். ஏசி இல்லை, இரண்டு வாளித் தண்ணீர் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கடன் தவணைக்கு அது ஓரளவு உதவும். வீட்டில் முதலில் கோபப்பட்டாள். சீட்டைக் காட்டி, மகள் கல்யாணத்துக்கு என்ன வழி என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஆனால் நான் பிறந்த ரூம் எனக்கு ஞாபகம் வந்தது. 1964 புயலில் தனுஷ்கோடியில் வீடு போய், கட்டிய துணியோடு அப்பா வந்தபோது, கொல்லைப் பக்கத்து ரூமைத் திறந்து விட்டது உன் அப்பத்தா. ஆறு மாசம் வாடகையே கேட்கவில்லை என்று அப்பா சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் மாசம் ஏழு ரூபாய். வாடைக் காற்றில் படகு போகாத மாசங்களில் அப்பா தயங்கி நிற்கும்போது அப்பத்தா “தை பிறக்கட்டும்யா” என்று சொல்லி உள்ளே போய்விடும். நீயும் நானும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தது அப்படித்தான் தொடங்கியது. உன் குடும்பத்திடம் வாங்கியதை நான் வேறு யாரிடம் திருப்பிக் கொடுப்பேன்?

ஜூன் 14 ராத்திரி தடை முடிகிறது. படகு போன மூன்றாம் நாளில் மாடிக்காரர் இறால் கொண்டுவந்து கொடுப்பார், அது வருஷா வருஷம் நடக்கிறது. அந்த வாரம் நீ வந்தால் நல்லது. முன்கூட்டியே சொல்லிவிடு, கீழ் ரூமை யாருக்கும் கொடுக்காமல் வைக்கிறேன்.

உன்,
மாப்ளே