வார்னம்பூலில் குதிரைகள் தாண்டும் தடைகளை எடுத்தால் திருவிழா அழிந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள வார்னம்பூல் ஊரின் மே மாதக் குதிரைப் பந்தய விழாவைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஊரே விடுமுறை எடுத்துக்கொண்டு மைதானத்தில் கூடுவதையும், கிராண்ட் ஆனுவல் என்ற தடைதாண்டும் பந்தயத்தில் குதிரைகள் சாலையைக் கடந்து மேய்ச்சல் நிலத்துக்குள் ஓடுவதையும் கட்டுரையாளர் கண்முன் நிறுத்தியிருந்தார். ஆனால், தடைதாண்டும் பந்தயம் இப்போது பாதுகாப்பாகிவிட்டது, எதிர்ப்பவர்கள் ஓர் ஊரின் திருவிழாவை அழிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேற்கு விக்டோரியாவில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ப்புறப் பந்தயத்துக்குப் பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு போயிருந்தோம். குதிரைகள் தாண்டுவதைப் பிள்ளைகள் அருகிலிருந்து பார்க்கட்டும் என்று கடைசித் தடைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். பழுப்புக் குதிரை ஒன்று தாண்டி இறங்கியபோது முன்னங்கால் மடங்கியது. ஜாக்கி உருண்டு எழுந்துவிட்டார். குதிரையும் எழுந்தது. மூன்று காலில் நொண்டிக்கொண்டே, மற்ற குதிரைகள் போன திசையில் தானும் போகப் பார்த்தது. ஊழியர்கள் ஓடிவந்து பச்சைத் திரையை விரித்தார்கள். "ஏன் மறைக்கிறார்கள்?" என்று என் மகள் கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் ஒலிபெருக்கியில் அடுத்த பந்தயத்தை அறிவித்துவிட்டார்கள்.

மாட்டுக்குக் கால் உடைந்தால் கட்டுப்போட்டுப் பார்ப்பார்களே, குதிரையை ஏன் கொல்ல வேண்டும் என்று ஊரிலிருந்து என் அம்மா தொலைபேசியில் கேட்டார். குதிரையின் முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி வாரக்கணக்கில் படுத்துக் கிடக்கவும் முடியாது. நல்ல காலின் மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டு நின்றால், நாளடைவில் அந்தக் காலின் குளம்பும் உள்ளுக்குள் கெட்டுப்போகும். அதனால்தான் திரையை விரித்து, அதற்குப் பின்னால் குதிரையைக் கொன்றுவிடுகிறார்கள்.

மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1989 முதல் 2004 வரை விக்டோரியாவில் நடந்த பந்தயங்களைக் கணக்கெடுத்தார்கள். தடையில்லாத சமதளப் பந்தயத்தில், ஆயிரம் குதிரைகள் ஓடினால் இறந்தவை 0.44. தடைதாண்டும் பந்தயத்தில் 8.3. ஏறக்குறைய பத்தொன்பது மடங்கு! அது பழைய கணக்கு, இப்போது நிலைமை வேறு என்பார் கட்டுரையாளர். மாற்றங்கள் வந்தது உண்மைதான். 2009இல் குதிரைகள் அடுத்தடுத்து இறந்ததால், 2010க்குப் பிறகு தடைதாண்டும் பந்தயமே இருக்காது என்று மாநிலத்தின் குதிரைப் பந்தய நிர்வாக அமைப்பான ரேசிங் விக்டோரியா அறிவித்தது. பிறகு அந்த முடிவை மாற்றிக்கொண்டு, நிபந்தனைகளோடு தொடரவிட்டது. தொடரவிட்டபின் 2011இல் என்ன நடந்தது? வார்னம்பூலில் கிராண்ட் ஆனுவல் ஓடிக்கொண்டிருந்தபோது, பன்னா ஸ்ட்ராண்ட் என்ற குதிரை ஜாக்கியில்லாமல் எல்லை வேலியைத் தாண்டிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் காயமடைந்தார்கள்.

இங்கிலாந்தில் கிராண்ட் நேஷனல் என்ற தடைதாண்டும் பந்தயத்தைத் திருத்த எடுத்துக்கொண்ட முயற்சி கொஞ்சமல்ல. தடைகளுக்குள் இருந்த மரக்கட்டையை எடுத்துவிட்டு வளையும் பிளாஸ்டிக்கை வைத்தார்கள். 2024இல் குதிரைகளின் எண்ணிக்கையை 40இலிருந்து 34ஆகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு ஒரு குதிரைகூட விழவில்லை என்று மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். மறு ஆண்டே பதின்மூன்று வயதுக் குதிரை ஒன்று கடைசித் தடையையும் தாண்டிவிட்டு, களைத்துச் சுருண்டு விழுந்தது. சில நாட்களில் இறந்துபோனது. ஏழு கிலோமீட்டர் ஓடவிட்டு முப்பது முறை தாண்டச் சொன்னால், தடையை எவ்வளவு மென்மையாக்கினாலும் களைப்பு குறையுமா? வார்னம்பூலில் ஐந்தரைக் கிலோமீட்டருக்கு முப்பத்து மூன்று தடைகள். உலகத்தில் வேறெந்தப் பந்தயத்திலும் இத்தனை இல்லை என்று விளம்பரமும் செய்கிறார்கள். ஜாக்கிகளையும் மறந்துவிடக் கூடாது. 2025 பிப்ரவரியில் அயர்லாந்தின் தர்ல்ஸ் மைதானத்தில் விழுந்த மைக்கேல் ஓ'சல்லிவன் பத்து நாட்களில் இறந்தார். வயது இருபத்து நான்கு.

திருவிழா அழிந்துவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். வார்னம்பூல் நண்பர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஓக்பேங்க் ஊரில் 1876 முதல் ஈஸ்டரின்போது நடந்துவந்த கிரேட் ஈஸ்டர்ன் தடைதாண்டும் பந்தயம் 2021 ஈஸ்டரோடு முடிந்தது. மறு ஆண்டு அந்த மாநிலம் சட்டமே இயற்றித் தடைசெய்தது. நூற்றைம்பது ஆண்டு மரபை இழக்க மாட்டோம் என்று அங்கேயும் சண்டை நடந்தது. இன்று ஓக்பேங்கில் ஈஸ்டருக்குக் குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு வருகின்றன. குதிரைகள் ஓடுகின்றன. தடைகள்தான் இல்லை. ஆஸ்திரேலியாவில் இன்னும் இந்தப் பந்தயத்தை நடத்தும் ஒரே மாநிலம் விக்டோரியாதான்.

சமதளத்தில் வேகம் போதாத குதிரைகளுக்குத் தடைதாண்டுவது மறுவாழ்வு, அது இல்லாவிட்டால் அவை இறைச்சிக் கூடத்துக்குத்தான் போகும் என்பதே எனக்குக் கடினமான வாதம். லாயத்தில் விடியற்காலையில் குதிரைக்குத் தீவனம் வைக்கும் பெண்ணொருத்தி கண்கலங்கி அதைச் சொன்னபோது வாயடைத்துப் போனேன். அவளுடைய அன்பு பொய்யல்ல. ஆனால் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைச் சவாரிப் பள்ளிகளிலும் பண்ணைகளிலும் சேர்க்க ரேசிங் விக்டோரியாவே ஆஃப் த ட்ராக் என்ற திட்டத்தை நடத்துகிறது. தடைதாண்டும் பந்தயத்துக்கு ஒதுக்கும் பரிசுப் பணத்தை அதற்குத் திருப்பினால் எத்தனை குதிரைகள் முதுமை வரை வாழும்! ஒரே நாளில் மூடச் சொல்லவில்லை. கடைசிப் பருவம் எது என்று அறிவிக்கட்டும். புதிய குதிரைகளுக்குத் தாண்டப் பழக்குவதை இன்றே நிறுத்தட்டும். பயிற்சியாளர்களும் லாய ஊழியர்களும் வேறு வேலைக்கு மாற அவகாசம் கொடுக்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வெற்றிபெற்ற குதிரையின் படத்தையும் பரிசுத் தொகையையும் தொப்பி அணிந்த சீமாட்டிகளையும் பக்கம் பக்கமாக வெளியிட்டீர்கள். அடுத்த மே மாதம் எத்தனை குதிரைகள் ஓடின, எத்தனை லாயத்துக்குத் திரும்பவில்லை என்ற இரண்டு எண்களையும், திரும்பாதவற்றின் பெயர்களையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மேற்கு விக்டோரியாவிலிருந்து ஒரு வாசகி