31ஆம் தேதி முகம் வரைய

வணக்கம். அக்டோபர் 31, பேய் வேடம் போடும் ஹாலோவீனுக்கு நம் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த் பிள்ளைகளுக்கு முகம் வரைய வீட்டுச் சாமானே போதும். இரண்டு பங்கு வெள்ளைச் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), ஒரு பங்கு கோல்ட் கிரீம் குழைத்தால் எலும்புக்கூட்டின் வெள்ளைப் பூச்சு தயார். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் கறுப்பு ஐ ஷேடோ (கண் இமைப் பூச்சு) வைத்து, ஓரத்தை விரலால் கலைத்துவிடுங்கள். அப்போதுதான் குழி விழுந்ததுபோல் தெரியும். டர்பன் புழுக்கத்தில் வழியாமலிருக்க மேலே பவுடர் ஒற்றுங்கள்.

போலி இரத்தத்துக்கு கோல்டன் சிரப் (கெட்டியான சர்க்கரைப் பாகு), சிவப்பு உணவு நிறம், ஒரு சிட்டிகை கோகோ. கோகோ இல்லாவிட்டால் ஜாம் மாதிரி இருக்கும்! கறை படியும், பழைய சட்டை போடுங்கள்.

போஸ்டர் பெயிண்ட் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். எதையும் முந்தின நாளே முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள், சிவந்தால் விட்டுவிடுங்கள். அழிக்கத் தேங்காய் எண்ணெய், அப்புறம் சோப்பு.

கறுப்பு ஐ ஷேடோ இருப்பவர்கள் இங்கே சொல்லுங்கள்.