நைனா பேருக்கு ஒரு இடம்

தண்டையார்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய விளம்பரப் படமும் கிடைத்தன. பதில் போடப் பத்து நாள் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். சின்னவளுக்குக் காய்ச்சல். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். இப்போது பரவாயில்லை, கஞ்சி வேண்டாம் தோசை வேண்டும் என்று அடம்பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். காசிமேட்டில் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் எல்லாம் கடலுக்கு இறங்கிவிட்டன. 61 நாள் ஐஸ் மீனைத் தின்ற வாய்க்கு இன்று காலையில்தான் நல்ல சங்கரா கிடைத்தது. ஓசூரில் உனக்கு என்ன மீன் கிடைக்கிறதோ, குழம்பு கொதிக்கும்போது உன் பேச்சு வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்க நைனாவின் மில் பாஸ், சம்பளச் சீட்டு, சங்க ரசீது, அவர் கைப்பட எழுதிய அந்த இரண்டு நோட்டு, எல்லாவற்றையும் சொந்தமாக ஒரு வெப்சைட்டில் ஏற்றப்போகிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. மொட்டைமாடிக்குப் போய் நடந்துகொண்டே இருந்தேன். அவர் வேலை செய்த பி அண்ட் சி துணி மில் பற்றி யாரைக் கேட்டாலும் 1918-ல் ஆரம்பித்த சென்னைத் தொழிலாளர் சங்கம், அதை நடத்திய வாடியா, திரு.வி.க., 1921 வேலைநிறுத்தம் என்று சொல்வார்கள். எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்படவும் வேண்டும். ஆனால் தறிப் பக்கம் நின்று வேலை செய்தவர், இன்றைக்கு எத்தனை நூல் அறுந்தது, யாருக்கு ஓவர்டைம் கிடைத்தது, சங்கு ஊதுவதற்குள் டிபன் பாக்ஸில் என்ன தின்றோம் என்று தானே எழுதி வைத்த நோட்டு எத்தனை வீட்டில் இருக்கும்? 1996-ல் மில் மூடிய பிறகு அந்த மாதிரிக் காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், நீ அவற்றை ஏற்றுகிற இடம் மலிவாக இருக்கட்டும், ஆனால் நிலைக்க வேண்டும்.

நீ அனுப்பிய விளம்பரத்தில் அந்த இடத்துக்கு, அதாவது தளத்தின் கோப்புகளை வைக்கும் ஹோஸ்டிங்குக்கு, மாதம் 69 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். கீழே உள்ள பொடி எழுத்தைப் படித்தாயா? அந்த விலை 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். 69-ஐ 48-ஆல் பெருக்கு, 3,312. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 3,900 ரூபாய் இன்றைக்கே கையிலிருந்து போகிறது. நாலு வருஷம் கழித்துப் புதுப்பிக்கும்போது மாதம் 299 என்று அதே பக்கத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு வரியோடு 4,200-க்கு மேல். அதாவது நாலு வருஷத்துக்குக் கட்டியதைவிட ஐந்தாம் வருஷம் ஒன்றுக்கே அதிகம். அவன் பொய் சொல்லவில்லை, எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறான். ஆனால் நீ எடுத்துக்கொள்ள வேண்டிய விலை 299, 69 அல்ல.

டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயரும் அப்படித்தான். டாட்காம் பெயர்களை நிர்வகிக்கிற வெரிசைன் நிறுவனம் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு வாங்கும் மொத்த வியாபார விலையை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆக்கியது. எந்தக் கடைக்காரன் விற்றாலும் அந்தப் பணத்தை அங்கே கட்டித்தான் ஆக வேண்டும். முதல் வருஷம் 99 ரூபாய்க்கு ஒருவன் தருகிறான் என்றால் கைக்காசைப் போட்டுத் தருகிறான், அடுத்தடுத்த வருஷங்களில் எடுத்துக்கொள்வான். அடக்க விலைக்கே பெயர் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கிளவுட்ஃபிளேர் 2018-லிருந்து அப்படித்தான் விற்கிறது, மேலே லாபம் வைப்பதில்லை. ஒரு நிபந்தனை, அந்தப் பெயருக்கு வழிகாட்டும் நேம்சர்வராக அவர்களுடையதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உன் காரியத்துக்கு அது இடைஞ்சல் இல்லை.

நான் ஏன் இதில் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்று உனக்குத் தோன்றும். ராயபுரம் பழைய படங்களைப் போட்டு நான் ஒரு தளம் வைத்திருந்தேனே, அது எப்படிப் போனது என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம் என்று ஒரு கம்பெனி கொடுத்தது. அந்த டொமைனிலேயே எனக்கு ஒரு மெயில் முகவரியும் போட்டுக்கொண்டேன், கம்பெனிக் கணக்கிலும் அதையே கொடுத்துவிட்டேன். ஹோஸ்டிங் காலாவதி முதலில் வந்தது. அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்த மாதம் அது, கவனிக்கவில்லை. ஹோஸ்டிங் நின்றதும் மெயிலும் நின்றுவிட்டது. டொமைன் முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி. அனுப்பியிருப்பார்கள். ஆனால் செத்துப்போன பெட்டிக்கு. நான் விழித்தபோது சலுகைக் காலம் போய், மீட்புக் காலம் என்கிற 30 நாளில் பாதியும் போயிருந்தது. அப்போது கேட்ட மீட்புக் கட்டணம் அந்த மாதம் என் கையில் இல்லை. அதற்குப் பிறகு ஐந்து நாள், பெயர் சந்தைக்கு வந்துவிட்டது. எவனோ எடுத்தான். ரயில்வே ஸ்டேஷன் தூண்களை நான் எடுத்த படம் இருந்த முகவரியில் ரம்மி விளம்பரம் ஓடியது. 1856-ல் கட்டிய ஸ்டேஷன்டா அது. இன்னும் நிற்கிறது. என் பக்கம் நிற்கவில்லை.

அதனால் உனக்கு ஒன்றை அடித்துச் சொல்கிறேன். பெயர் ஒரு கடையில், இடம் வேறு கடையில். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்காதே. பெயரை உன் சொந்தப் பெயரில், உன் ஜிமெயிலில், உன் போன் நம்பரில் பதிவு செய். கடைப் பையனோ உன் மருமகனோ அவர்கள் கணக்கில் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். பெயர் உன் கையில் இருந்தால், இடம் கொடுத்தவன் விலையை ஏற்றினாலும், கடையை மூடினாலும், பெயர் எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் இரண்டு வரியை மாற்றிவிட்டு அன்று மாலையே வேறு இடத்துக்குக் குடிபோகலாம். வாசிக்கிறவனுக்கு நீ மாறினதே தெரியாது. பெயரையே ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாற்ற அங்கீகாரக் குறியீடு என்று ஒன்று தருவார்கள். அதை நாமே கணக்கில் பார்த்து எடுத்துக்கொள்ள விடுகிறார்களா, மெயில் போட்டுக் கெஞ்ச வைக்கிறார்களா என்று வாங்கும் முன்பே விசாரி. உள்ளே வர ஆயிரம் கதவு வைத்திருப்பான், வெளியே போக எத்தனை என்று பார்.

டாட்இன் வேண்டுமா டாட்காம் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். எதுவானாலும் சரி. டாட்இன் நம்ம நாட்டு நிக்ஸி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. தமிழிலேயே ‘.இந்தியா’ என்றும் முடிவு கிடைக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளுக்குள் அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித்தான் ஓடும். சில செயலிகளில் அந்தக் கோவையே தலையைக் காட்டும், மெயிலுக்கும் சிக்கல். ஆங்கில எழுத்தில் ஒன்றை முதலில் எடு.

இனி இடம். மில் காகிதங்களுக்கு உனக்கு ஹோஸ்டிங்குக்குக் காசே தேவையில்லை என்பது என் எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது பக்கம் எழுத்து, இருநூறு படம் என்கிறாய். போனில் எடுத்த படம் ஒன்று நாலு எம்பி இருக்கும். அதை 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் முந்நூறு கேபி, கையெழுத்து தெளிவாகவே தெரியும். இருநூறு படமும் சேர்ந்து 60 எம்பி. கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை ஒரு தளத்துக்கு ஒரு ஜிபி வரை இலவசமாக வைத்துக்கொள்ள விடுகிறது, உன் டொமைனையும் இணைத்துக்கொள்ளலாம். கிளவுட்ஃபிளேரிலும் இதே மாதிரி இலவசமாக உண்டு. டேட்டாபேஸ் இல்லை, பாஸ்வேர்டு போட்டு உள்ளே வர ஹேக்கருக்கு ஒரு வாசல் இல்லை, வருஷா வருஷம் டொமைன் காசு மட்டும்தான். கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் ஒரு விஷயம் கவனி, கோப்புகள் எல்லாம் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். வீட்டுப் பத்திரம், ஆதார் நகல் எதையும் தெரியாமல் அந்த ஃபோல்டரில் போட்டுவிடாதே.

பின்னாளில் மற்ற மில் குடும்பங்களும் தாங்களே எழுதட்டும், கருத்துப் போடட்டும் என்று நினைத்தால் அதற்கு விடுகிற வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் வேண்டும், அப்போது காசு கொடுத்து வாங்கு. ஒரே சர்வரைப் பலருக்கும் பங்கிட்டுத் தரும் அந்த மலிவு ஷேர்டு ஹோஸ்டிங் நாம் இருந்த ஸ்டோர் வீடு மாதிரிதான். பதினோரு குடித்தனத்துக்கு ஒரு அடி பம்பு. பக்கத்துப் போர்ஷனில் கல்யாணம் என்றால் நமக்குத் தண்ணீர் வராது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாடகைக்கு ஏற்ற வசதி. ஆனால் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால் நிபந்தனைப் பக்கத்தில் ஐநோடு என்ற சொல்லைத் தேடு. இத்தனை கோப்புக்கு மேல் கூடாது என்று அங்கே எண் இருக்கும். பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி வரவைக்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்கிறவன் கடைக்குப் போகாதே. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. சர்வர் மும்பையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் நமக்குக் கவலை இல்லை. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலடியில் போட்ட கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், ஒளி போய்வர நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் ஆகும்.

இன்னொன்று, இதை மட்டும் நீ மறக்கவே கூடாது. ரம்மிக்காரன் எடுத்த பிறகு நான் புதுப் பெயரில் மறுபடி ஆரம்பித்து, ஒரு தரம் இடம் மாற்றினேன். மாற்றி முடித்துத் திறந்தால் முகப்பில் ‘ராயபுரம்’ என்ற தலைப்பு இருந்த இடத்தில் எட்டுக் கேள்விக்குறி. உள்ளே பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. நாம் ஐந்து எழுத்தாகப் படிப்பதைக் கம்ப்யூட்டர் எட்டாக வைத்திருக்கிறது, ர, கால், ய, ப, உகரக் குறி, ர, ம, புள்ளி என்று. யூனிகோடின் யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புது இடத்தில் டேட்டாபேஸ் பழைய லத்தீன் எழுத்துமுறையில் அமைந்திருந்ததால், தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. மூலம் அழிந்துபோனது, அதைத் திரும்பத் தமிழாக்க எந்த மந்திரமும் இல்லை. ‘நைனா’ என்று நீ எழுதினால் நாலு கேள்விக்குறி வரும். யோசித்துப் பார். அதனால் வேர்ட்பிரஸ் போட்டால் டேட்டாபேஸ் யூடிஎஃப்8எம்பி4 முறையில் இருக்கிறதா என்று முதலில் கேள், ஒரு பக்கம் தமிழில் ஏற்றி, பேக்கப் எடுத்து, திரும்ப இறக்கிப் பார்த்த பிறகே மீதியை ஏற்று. எழுத்தையெல்லாம் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகத் தனியே வைத்துக்கொள். என்னிடம் பாதிக்கு இருந்தது. மீதியை நினைவிலிருந்து எழுதினேன்.

பிரதி ஒன்று வீட்டில், ஒன்று கூகுள் டிரைவில், ஒன்று உன் தங்கை வீட்டில். வீட்டில் மட்டும் வைத்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர், பீரோவின் அடித்தட்டில் இருந்த ஹார்டு டிஸ்க் மூன்று நாள் ஊறியது. ஸ்கேன் செய்த பிறகும் நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே, மேல்தட்டில் வை.

வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் ஆட்டோ ரினியூவலை நம்பாதே. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி மாறியதிலிருந்து நம் கார்டில் அவர்கள் தானாகப் பணம் எடுக்கப் பார்த்தால் பல நேரம் தவறிவிடுகிறது. நாமே போய்க் கட்ட வேண்டும். டொமைனை அதிகபட்சம் பத்து வருஷம் வரை ஒரே தடவையில் கட்டி வைக்கலாம். கையில் காசு இருந்தால் ஐந்து வருஷம் கட்டிவிடு. பாஸ்வேர்டை உன் மகளுக்கும் சொல்லி, ஒரு சீட்டில் எழுதி எல்ஐசி பாலிசியோடு வை.

ஆடி பிறப்பதற்குள் ஒரு சனிக்கிழமை நோட்டுகளை எடுத்துக்கொண்டு வா. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்தால் தண்டையார்பேட்டையிலேயே இறங்கலாம், நான் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். என் டேபிளில் ஸ்கேனர் இருக்கிறது, இரண்டு பேரும் உட்கார்ந்தால் ராத்திரிக்குள் ஒரு நோட்டு முடியும். அதற்கு முன்னால் ஒன்று செய். அந்த மில் பாஸில் நைனாவின் டோக்கன் நம்பர் இருக்கும். அதைப் பார்த்து எழுதி அனுப்பு. தளத்தின் முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே அந்த எண் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்க அம்மாவையும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழன்