வயிற்றைக் காலியாக விடாதே, ரேவதி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ரேவதி,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்கேனில் ஏழு வாரம் என்று சொன்னார்கள், இதயத் துடிப்பும் தெரிந்தது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுநாளே சோமேஸ்வரர் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த மாதம் ஆபரேஷன். செல்விக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

மற்றதெல்லாம் பிறகு. தண்ணீர் குடித்தால்கூடக் குமட்டுகிறது, மாத்திரை போடாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலோருக்கு முடியும். பிரசவ வார்டில் நாங்கள் தினமும் சொல்வதைத்தான் உனக்கும் எழுதுகிறேன், உன் மும்பை செம்பூர் வீட்டுக்கும் லோக்கல் ரயிலுக்கும் ஏற்றபடி.

ஒன்றை முதலில் மனதில் போட்டுக்கொள். இது உன் பலவீனமும் இல்லை, நீ ‘மனசுக்குள் போட்டுக் குழப்பிக்கொள்வதாலும்’ வருவதில்லை. மசக்கை பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வருகிறது. ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், 12 முதல் 16 வாரத்துக்குள் அநேகமாக அடங்கிவிடும். 2023 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு ஒன்று காரணத்தையும் தெளிவாக்கியது. கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைச் சுரந்து தாயின் ரத்தத்தில் விடுகின்றன. அது மூளைத்தண்டில் உள்ள குமட்டல் மையத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்தவர்களுக்கு, அது திடீரென்று ஏறும்போது பாதிப்பு அதிகம். ஆகவே யாராவது ‘நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் வயலில் வேலை செய்தோம்’ என்று ஆரம்பித்தால் காதில் வாங்காதே.

குழந்தைக்குச் சத்துப் போகுமா என்ற கவலையையும் இப்போதைக்கு விடு. ஏழு வாரத்தில் அதன் நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். அதற்கு வேண்டியதை உன் உடம்பின் சேமிப்பே கொடுத்துவிடும். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்று உன் அத்தை அன்பாகத்தான் தட்டை நிரப்புகிறார். ஆனால் இந்த வாரங்களில் நிறைந்த வயிறும் உனக்கு ஆகாது, காலி வயிறு அதைவிட ஆகாது. நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. வயிறு காலியாக இருந்தால் அமிலம் சேர்ந்து குமட்டல் கிளம்பும். அப்போது வாந்தி எடுத்தால் மஞ்சளும் பச்சையுமாகக் கசப்பான பித்தம்தான் வரும், தொண்டை எரியும். அந்தக் கசப்பில் மறுபடி சாப்பிடப் பிடிக்காது, வயிறு இன்னும் காலியாகும். இந்தச் சுழல் ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் பாதி வெற்றி.

காலையிலிருந்து வருகிறேன். தலைமாட்டில் ஒரு சின்ன டப்பா வை. அதில் பொரி, பொட்டுக்கடலை, ரஸ்க் இருக்கட்டும். உங்கள் ஊர் பேக்கரியில் டீக்கு விற்கும் காரி பிஸ்கட் வேண்டாம். கையில் எடுத்தால் லேசாக, மொறுமொறுவென்று இருக்கும், ஆனால் அடுக்கடுக்காகக் கொழுப்பு. கொழுப்பு இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், எதுக்களிக்கும். அதே கடையில் ‘டோஸ்ட்’ என்று கேட்டால் ரஸ்க் கொடுப்பார்களே, அதுதான் சரி. கண் விழித்ததும் எழுந்து உட்காராதே. ஒருக்களித்துப் படுத்தபடி தலையணையை மட்டும் சற்று உயர்த்திக்கொண்டு இரண்டு டோஸ்ட் அல்லது ஒரு கைப்பிடி பொரியை நன்றாக மென்று தின்னு. தண்ணீர் வேண்டாம். பதினைந்து இருபது நிமிஷம் அப்படியே கிட. பிறகு எழுந்து, காலைத் தொங்கப் போட்டுக் கட்டிலில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நட. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், சுற்றினால் வாந்தி.

பல் தேய்ப்பதை எழுந்தவுடன் வைத்துக்கொள்ளாதே. வயிறு கொஞ்சம் அமைதியான பிறகு செய். குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ், காரமில்லாத பேஸ்ட், தலையைக் குனிந்து தேய்த்தால் குமட்டல் குறையும். நாக்கு வழிப்பதைச் சில வாரம் விட்டுவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. வாந்தி எடுத்தவுடன் மட்டும் பிரஷைத் தொடாதே. அமிலம் பட்டுப் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும். அப்போது தேய்த்தால் தேய்ந்துவிடும். ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பு, அரை மணி நேரம் கழித்துப் பல் தேய்.

சாப்பாட்டில் மூன்று வேளைக் கணக்கை மறந்துவிடு. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு சின்னக் கிண்ணத்தில் பாதி. பசி வரட்டும் என்று காத்திராதே. பசி தெரியும்போதே குமட்டலும் வந்திருக்கும். வெறும் மாவுச்சத்தைவிடப் புரதம் சேர்ந்த உணவு குமட்டலை அதிகம் அடக்குகிறது. சுண்டல், நன்றாக வெந்த முட்டை, பன்னீர், வேர்க்கடலை, கெட்டித் தயிர், இதில் எது உள்ளே இறங்குகிறதோ அது. மூன்று நாளைக்கு இட்லியும் தயிரும் மட்டும்தான் இறங்குகிறது என்றால் மூன்று நாளும் அதையே சாப்பிடு. படுக்கப்போகும் முன் அரைக் கிண்ணம் தயிரோ ஒரு பிடி கடலையோ சாப்பிட்டு, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருந்துவிட்டுப் படு. நடு ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் டப்பாவிலிருந்து இரண்டு வாய் போட்டுக்கொள். காலையில் வித்தியாசம் தெரியும்.

உனக்கு நான் முதலில் சொல்லும் சாப்பாடு ஆறிய தயிர்சாதம். சூடாக இருந்தால் ஆவியோடு வாசனையும் எழும். ஆறியதில் அது இல்லை. சாதத்தைக் குழைய வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, பால் கொஞ்சம் தயிர் கொஞ்சமாகப் பிசை. உப்பு, கால் டீஸ்பூன் இஞ்சித் துருவல். தாளிக்காதே. மும்பைப் புழுக்கத்தில் காலையில் பிசைந்ததை மத்தியானம் வரை வெளியே வைத்திருந்து சாப்பிடுவது ஆபத்து. வெந்த சோற்றில் சூட்டுக்கும் சாகாத ஒரு வகைக் கிருமி வெளியில் இருந்தால் பெருகி நஞ்சை விடும், மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பிறகு மசக்கை வாந்தியா, சோறு கெட்ட வாந்தியா என்றே தெரியாது. ஆறியதும் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வை, ஒரு நாளுக்குமேல் வைக்காதே.

தண்ணீர்தான் உனக்குப் பெரிய பிரச்சினை என்று தெரிகிறது. சாப்பாட்டோடு குடித்தால் வயிறு உப்பி மேலே தள்ளும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ பின்போ குடி. டம்ளரைக் கவிழ்க்காதே, பத்து நிமிஷத்துக்கு இரண்டு மூன்று வாய். நிறையப் பேருக்கு வெறும் தண்ணீரின் ‘சப்’பென்ற ருசிதான் குமட்டும். குளிரவைத்து, எலுமிச்சை நாலு சொட்டும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பார். இளநீர், நீர்மோர், அங்கே சுலபமாகக் கிடைக்கும் கோகம் என்ற புளிப்புப் பழத்தை ஊறவைத்த தண்ணீர் எல்லாம் நல்லது. கோகத்தில் செய்யும் சோல்கடி வேண்டாம், அதில் தேங்காய்ப்பாலும் பூண்டும் இருக்கிறது. எதுவுமே நிற்காத நாளில் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள். வாந்தி எடுத்தபின் இருபது நிமிஷம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூனாக ஓஆர்எஸ் என்ற உப்பு சர்க்கரைக் கரைசல். பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவு கூடவே கூடாது. அட்டைப் பெட்டியில் விற்கும் பழ ருசிப் பானங்கள் ஓஆர்எஸ் இல்லை, சர்க்கரைத் தண்ணீர்.

எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் விழுங்காதே. விழுங்க விழுங்கக் குமட்டும். மூடி போட்ட டம்ளர் ஒன்று பக்கத்தில் வைத்துத் துப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாசனை விஷயத்தில் வீட்டாரின் ஒத்துழைப்பு வேண்டும். குக்கர் ஆவி, எண்ணெயில் வெங்காயம் வதங்குவது, கடுகும் பெருங்காயமும் பொரிவது, இவை மூன்றும்தான் தொல்லை. சின்ன ஃபிளாட்டில் சமையலறை வாசனை படுக்கையறைக்கு வராமல் இருக்காது. ஆகவே சமைக்கும் நேரத்தில் கதவைச் சாத்தி, அடுப்பு பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட்டைப் போட்டு, நீ ஜன்னல் பக்கம் போய்விடு. ஃபிரிட்ஜைத் திறப்பதும் குப்பையைக் கொட்டுவதும் உன் வீட்டுக்காரர் வேலை. அவரிடம் சொல்லத் தயங்குகிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. தயங்காதே, இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடு.

ஆபீஸ் ரயில்: காலி வயிற்றோடு ஸ்டேஷன் போகாதே. முடிந்தால் ஒரு மணி நேரம் முன்பின்னாகப் போக ஆபீஸில் அனுமதி கேள். ஹார்பர் லைனில் கூட்டம் குறைந்த வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தாலே பாதித் தொல்லை போகும். வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார், ஃபோனைப் பார்க்காதே. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, யார் மேலாவது சென்ட் வாசனை வந்தால் நகத்தால் கீறி மோந்துகொள். பையில் இரண்டு பிளாஸ்டிக் கவர், ஈரத் துண்டு. கண் இருட்டினால் வடாலாவோ குர்லாவோ, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி உட்கார், லேட்டானால் ஆகட்டும்.

இஞ்சி உண்மையாகவே உதவும், ஆனால் அளவு தெரிந்து எடு. ஒரு நாளைக்குச் சுக்குப் பொடி 1 கிராம். அதாவது மட்டமாக அரை டீஸ்பூன், அதையும் இரண்டு வேளையாகப் பிரித்து. பச்சை இஞ்சியானால் ஒரு டீஸ்பூன் துருவல். கூடினால் நெஞ்செரிச்சல் வந்து இருக்கிற குமட்டலையும் கிளப்பும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இன்னதென்று தெரியாத லேகியம், பொடி எதையும் வாயில் வைக்காதே. சாம்பல், செங்கல் தூள், கற்பூரம் தின்ன ஆசை வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம், கற்பூரமோ விஷம்.

மணிக்கட்டை அழுத்தும் முறையைக் கேட்டிருந்தாய். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையில் மறு கையின் மூன்று விரலைக் குறுக்கே வை. ஆள்காட்டி விரல் முடியும் இடத்தில், கயிறுபோலத் தட்டுப்படும் இரண்டு தசைநாண்களுக்கும் நடுவே கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்து. ஆய்வுகளில் முடிவு ஒரேமாதிரி வரவில்லை. ஆனால் கெடுதல் இல்லை, ரயிலில்கூடச் செய்யலாம்.

இரும்புச்சத்து மாத்திரைதான் உன்னைப் புரட்டுகிறதோ என்று ஒரு சந்தேகம். முதல் மூன்று மாதம் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம்தான் கட்டாயம். நம் அரசுத் திட்டத்திலும் இரும்பு மாத்திரை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ரத்தசோகை இல்லையென்றால் இரும்பைத் தள்ளிப் போடலாமா என்று டாக்டரிடம் கேள். ஃபோலிக் ஆசிடை மட்டும் விடாதே. காலையில் நிற்கவில்லையென்றால் ராத்திரித் தயிரோடு போடு. தைராய்டு மாத்திரை எடுத்தால் அதையும் விடாதே, ஆனால் அதைத் தயிரோடு போடாதே. நேரத்தை டாக்டர் மாற்றித் தருவார், நீயாக நிறுத்தக் கூடாது.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. மாத்திரை என்றால் உனக்குள்ள பயம் புரிகிறது. 1957 முதல் 1961 வரை விற்ற தாலிடோமைட் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கை கால்களைப் பறித்தது. மசக்கைக்கென்று அதைக் கொடுத்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இன்று டாக்டர்கள் முதலில் எழுதும் டாக்சிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை அந்த வகை இல்லை. வழக்குகளுக்குப் பயந்து 1983-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, குழந்தைக்குத் தீங்கில்லை என்று பல ஆய்வுகள் காட்டிய பிறகு 2013-இல் அங்கே மறுபடி அனுமதி பெற்றது. மேலே சொன்னதெல்லாம் ஒரு வாரம் செய்தும் நிற்கவில்லையென்றால் டாக்டர் சொல்லும் மாத்திரையை மறுக்காதே. பொறுத்துக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

கீழே சொல்வதில் ஒன்று நடந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி: 24 மணி நேரமாக எதுவும், தண்ணீர்கூட, உள்ளே தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது கடுங்காப்பி நிறத்தில் போகிறது, எழுந்தால் மயக்கம், படபடப்பு, வாந்தியில் ரத்தம், வயிற்று வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல். எடையும் முக்கியம். கர்ப்பத்துக்கு முன் 58 கிலோ என்று எழுதியிருந்தாய். அதில் 5 சதவீதம், ஏறக்குறைய 3 கிலோ குறைந்தால் அது சாதாரண மசக்கை இல்லை. டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம், உடம்பு பட்டினியில் கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாந்தி வாரக்கணக்கில் நீண்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில், ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வை. முதல் எடையை எனக்கும் அனுப்பு. இரும்பு மாத்திரை பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுது. அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். உப்பு அதிகம், ஒரு துண்டை நாக்கில் தடவிக்கொண்டால் போதும். செல்வியின் அண்ணன் மும்பை வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மாலதி