செழியனுக்கு: வசியனும் 22 பக்கமும்

அன்புள்ள செழியா,

உன் சூப்பர்ஹீரோ காமிக்ஸின் ஸ்கிரிப்ட் வந்தது. ஓரத்தில் பென்சிலால் குறித்த பிரதியைக் கூரியரில் போட்டிருக்கிறேன். ஆனால் ஓரக் குறிப்பில் அடங்காத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். படம் வரையும் பெண்ணிடம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு கண்ணா. அவள் பென்சில் வேலையைத் தொடங்கிவிட்டால் ஒரு பக்கத்தை மாற்றுவது ஒரு நாள் உழைப்பை அழிப்பது மாதிரி.

20-ஆம் பக்கத்துக்கு வருகிறேன். மனத்தை வசப்படுத்தும் வில்லன் வசியனின் பிடியில் இருக்கும் மின்மினி, ஒளி வீசும் உன் நாயகி, தன் கூட்டாளிகளையே தாக்குகிறாள். "நீ எங்களில் ஒருத்தி!" என்று அவர்களில் ஒருவனான இடி கத்துகிறான். அவள் கண் கலங்குகிறது, வசியம் உடைகிறது. கதையின் உயிர்நிலை இது. கதை நொண்டுவதும் இங்கேதான். 5-ஆம் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரின் மனைவி இதைவிட உருக்கமாகக் கதறுகிறாளே, அந்தக் கதறலுக்கு உடையாத வசியம் இடியின் கத்தலுக்கு மட்டும் ஏன் உடைய வேண்டும்? இந்தக் கேள்வி வாசகருக்கு வந்துவிட்டால் அதற்கு முந்தைய 19 பக்கமும் வீண். பாசம் அந்தக் காட்சியில் இருக்கட்டும், அதை நான் வெட்டச் சொல்லவில்லை. ஆனால் பூட்டைத் திறக்கிற சாவி வேறாக இருக்க வேண்டும். அந்தச் சாவியை வாசகர் முன்பே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ குழு முதன்முதலில் ஒன்றாகத் தோன்றிய 1960-ஆம் ஆண்டுக் கதையைப் பார். எதிரி ஸ்டாரோ, ஒரு ராட்சத நட்சத்திர மீன். ஊர் முழுக்க அதன் வசத்துக்குப் போய்விடுகிறது, ஒரு பையனைத் தவிர. காரணம், அவன் வீட்டுப் புல்தரையில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தான், அது அவன் மேலும் ஒட்டியிருந்தது. வீரர்கள் அதைக் கண்டுபிடித்து, அதே சுண்ணாம்பை வைத்தே ஸ்டாரோவை அடக்குகிறார்கள். சிப்பிப் பண்ணைக்காரர்கள் நட்சத்திர மீனைக் கொல்ல சுண்ணாம்பு போடுவது நிஜமான வழக்கம், அதனால் கதையும் நிற்கிறது. 2012-இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்திலும் இதே வேலைதான். வில்லன் லோகியின் செங்கோல் நெஞ்சைத் தொட்டால் ஆள் அவன் வசம். அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் நெஞ்சில் தொடும்போது மட்டும் 'டிங்' என்று உலோகத்தில் பட்டு நிற்கிறது, அங்கே அவன் நெஞ்சில் பதித்த ஆர்க் ரியாக்டர் என்ற ஆற்றல் கருவி இருக்கிறது. ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. விதி முன்பே தெரியும், விலக்கும் முன்பே கண்ணெதிரில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

உன் வசியனுக்கு விதியே இல்லை. 3-ஆம் பக்கத்தில் ஒலிபெருக்கியில் பேசி வசப்படுத்துகிறான். 9-இல் கண்ணால் பார்த்து. 14-இல் அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணும் இல்லாமல் குரலும் இல்லாமல். ஒன்றைப் பிடி. நான் குரலைப் பிடிப்பேன். காமிக்ஸில் குரல் வசனப் பலூனாகக் கண்ணுக்குத் தெரியும், அதுவே பெரிய லாபம். கண்ணை எடுத்தால் கறுப்புக் கண்ணாடி போட்டதும் கதை முடிந்துவிடும்.

குரல் என்று வைத்துக்கொண்டால் அடுத்த கேள்வி உடனே வரும். அவன் ஏன் வீட்டில் உட்கார்ந்து போன் போட்டு ஊரையே அடிமையாக்கக் கூடாது? இந்த ஓட்டையை அடைக்காமல் ஒரு பக்கமும் நகராதே. அடைக்க ஒரு வழி இருக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும்தான் கடத்தும். பேச்சு புரிய அது போதும். வசியனின் சக்தி அவன் குரலோடு கலந்து வரும் ஒரு மிக உச்சத் தொனியில், 15,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது என்று வை. போனில் அது போகாது. தெருமுனையில் வைக்கும் சாதா ஒலிபெருக்கியிலும் தேறாது. ஆகவே அவன் நேரில் வந்தாக வேண்டும். 3-ஆம் பக்கத்தில் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு அவனையே கூட்டத்துக்கு நடுவே நிறுத்து. பயமும் கூடும்.

இதனால் இன்னொன்றும் கிடைக்கிறது. வயதாக ஆக மனிதக் காது முதலில் இழப்பது உச்சத் தொனியைத்தான். நீ 4-ஆம் பக்கத்தில் சும்மா நிறுத்தியிருக்கிறாயே, டீ கிளாஸோடு ஒரு வயதான வாட்ச்மேன், அவரைப் பயன்படுத்து. சுற்றி இருக்கிற அத்தனை பேரும் மண்டியிடுகிறார்கள், அவர் மட்டும் "என்னப்பா ஆச்சு எல்லாருக்கும்?" என்று நிற்கிறார். சிறிய கட்டம், ஓரத்தில். 8-ஆம் பக்கத்தில் குழு இதைத் திரும்பிப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கட்டும். உன் கதையின் சுண்ணாம்பு அந்தக் கிழவர்.

காரணம் தெரிந்ததும் காதை அடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். மருந்துக்கடையில் கிடைக்கிற நுரைக் காதடைப்பான் போதும், உச்சத் தொனியை அது நன்றாகவே மட்டுப்படுத்தும். அப்படிப் போனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவும் முடியாது. 12, 13, 14 மூன்று பக்கமும் பலூனே இல்லாமல், கைசாடையில் மட்டும் நடக்கட்டும். வசனத்தை வெட்ட உனக்கு மனசு வராது என்று தெரியும், ஆனாலும் வெட்டு. அந்த மௌனத்துக்குள் வசியனின் பலூன் மட்டும் வந்தால் வாசகருக்கு முதுகு சில்லிடும்.

இங்கே ஒன்று தப்பாகப் போக வேண்டும். எது என்றும் சொல்கிறேன். நுரை அடைப்பானை விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரிந்து இறுகும் வரை அரை நிமிஷம் விரலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும். குழுவில் இருக்கிற பாறை பொறுமையில்லாதவன். 11-ஆம் பக்கத்தில் மற்றவர்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவன் சொருகிவிட்டு நடக்கிறான். 14-இல் முதல் அடி விழுந்ததும் ஒரு பக்கம் தெறித்து விழுகிறது. குழுவிலேயே பலசாலி எதிரி பக்கம் போய்விடுகிறான். விதி அவர்களை எப்படிக் காப்பாற்றியதோ அப்படியே கவிழ்க்கவும் செய்கிறது. நீ எழுதியிருக்கிற 'எதிர்பாராத வெடிவிபத்து'க்கு இது எவ்வளவோ மேல்.

இப்போது சாவி. இடியின் சக்தி முழக்கம். மிக அருகில் பேரொலி வெடித்தால் காது சற்று நேரம் மந்தமாகிவிடும், அது உண்மை. கூடத்தில் இருக்கிற அனைவரின் காதையும் இடி ஒரே முழக்கத்தில் மந்தமாக்கினால் மின்மினியும் பாறையும் ஒரே நொடியில் விடுபடுவார்கள். அதற்கு விலை இருக்க வேண்டும். 1983-இல் வந்த, வில்வீரன் ஹாக்ஐயின் நாலு இதழ்த் தொடரில் கிராஸ்ஃபயர் என்ற வில்லன் ஒலியால் மனத்தைத் திருப்புகிறான். ஹாக்ஐ ஒலி அம்பின் முனையை வாயில் கவ்விக்கொண்டு வெடிக்க வைத்துத் தப்புகிறான், கேட்கும் திறனில் பெரும்பகுதியை இழக்கிறான். தப்பித்ததைவிட அந்த இழப்புதான் வாசகர் மனசில் தங்கியது. இடியின் ஒரு காதாவது திரும்பி வரக் கூடாது.

மின்மினியைச் சும்மா மீட்கப்படுகிறவளாக விட்டுவிடாதே. இந்த வகைக் கதைகளில் அடிக்கடி நடக்கிற அநியாயம் அதுதான், எனக்கு இதில் கோபமே உண்டு. பிடிபட்டவள் பொம்மை இல்லை. அவளுக்கு நினைவு விழித்திருக்கிறது, கை மட்டும் அவன் சொல் கேட்கிறது என்று வை. "வருகிறவர்கள் கண்ணைக் கூசச் செய்" என்பது கட்டளை. அவள் செய்கிறாள். ஆனால் எப்படி மின்ன வேண்டும் என்று அவன் சொல்லவில்லையே! மூன்று குட்டை, மூன்று நீளம், மூன்று குட்டை: உதவி கேட்கும் SOS குறி. 2-ஆம் பக்கப் பயிற்சிக் காட்சியில் இதே மின்னலை ஒரு கட்டம் காட்டிவிடு. 13-ஆம் பக்கத்தில் இடி அதை அடையாளம் கண்டுகொள்கிறான். அவள் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் அந்த விலையைக் கொடுக்கத் துணிகிறான். உன் "எங்களில் ஒருத்தி" வசனத்தின் உணர்ச்சி முழுக்க இங்கே வந்துவிடும், சத்தமே இல்லாமல்.

வசியன் அவளை ஏன் உயிரோடு வைத்திருக்கிறான் என்பதற்கும் காரணம் எழுது. அவெஞ்சர்ஸில் லோகி ஹாக்ஐயையும் வசப்படுத்துகிறான், ஆனால் அவனுக்கு ஹாக்ஐயின் வில் மட்டும் தேவைப்படவில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகளும் இரிடியம் என்ற அரிய உலோகம் எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்த மூளை அது. 1980-இன் எக்ஸ்-மென் கதையில் வில்லன் மாஸ்டர்மைண்டுக்கு எக்ஸ்-மென் நாயகி ஜீன் கிரே கையில் இருந்தால்தான் ஹெல்ஃபயர் கிளப் என்ற எதிரிக் கூட்டத்தின் உள்வட்டத்தில் இடம். அந்தக் கதையை மறுபடியும் எடுத்துப் படி. 132-ஆம் இதழ் முடியும்போது எல்லாரும் பிடிபட்டுவிடுவார்கள். எக்ஸ்-மென்னில் ஒருவனான வுல்வரினை மட்டும் எதிரி ஒருவன் தன் சக்தியால் எடை கூட்டித் தரையைப் பெயர்த்து அனுப்ப, அவன் சாக்கடையில் போய் விழுகிறான். எதிரியின் சக்தியே அவனைச் சிறைக்கு வெளியே கொண்டுவந்துவிட்டது. அந்தக் கடைசிக் கட்டத்தில் அவன் தண்ணீரிலிருந்து தலை தூக்கும் நிழலைப் பார், எவ்வளவு மை!

எங்கே விடுவிப்பது என்ற கணக்கு. நீ 20-இல் விடுவிக்கிறாய், அது தாமதம். அவெஞ்சர்ஸில் ஹாக்ஐ விடுபடுவது பறக்கும் கப்பலின் மேல், படத்தின் நடுவில். அதனால்தான் நியூயார்க் சண்டையில் அவனால் கடன் தீர்க்க முடிகிறது. உன் முழக்கம் 16-இல் வரட்டும். 16 ஏன் என்றால், முதல் பக்கம் வலப்புறம் என்பதால் இரட்டைப்படைப் பக்கங்கள்தான் தாள் புரட்டியதும் கண்ணில் படும். 15-இன் கடைசிக் கட்டத்தில் இடி கையை உயர்த்துகிறான், புரட்டினால் 16 முழுப் பக்கமும் முழக்கம். அதற்கடுத்த பக்கத்தில் எல்லாருடைய பலூனும் வெறுமையாக, வால் மட்டும் வைத்து. வாய் அசைகிறது, எழுத்து இல்லை. எழுத்துகள் 18-இல் சிறியதாகத் திரும்பட்டும்.

லெட்டரிங், அதாவது பலூனில் எழுத்து அமைப்பது பற்றியும் இரண்டு சொல். ஒரு கட்டத்துக்கு 35 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. தமிழுக்கு 18, 20-க்கு மேல் போகாதே. 'கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறான்' என்று 6-இல் எழுதியிருக்கிறாய், அந்த ஒரு சொல்லே பலூனை அடைத்துக்கொள்ளும். 'பிடியில் வைத்திருக்கிறான்' என்று இரண்டாக உடை. சொல்லை வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. எழுத்துகளின் மேல்விசிறியும் கீழ்வளைவும் இடித்துக்கொள்ளாமல் வரி இடைவெளியைத் தாராளமாக வை. வசப்பட்டவர்கள் பேசும் பலூனுக்கு இரட்டைக் கோடு போடச் சொல். நிறத்தை மட்டும் நம்பினால் கறுப்பு வெள்ளையில் அச்சாகும்போது வித்தியாசம் காணாமல் போகும். ஓரம் வரை போகும் படங்களுக்குத் தாள் வெட்டும் கோட்டுக்கு வெளியே 1/8 அங்குலம் கூடுதலாக வரைய வேண்டும் என்பதை அந்தப் பெண்ணுக்கு எழுதியே கொடு.

கடைசி இரண்டு பக்கம். நீ அரைப் பக்கத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்து முடித்துவிட்டாய். மின்மினி 10-ஆம் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரின் கண்ணைப் பறித்திருக்கிறாள், செழியா. அது அவளுக்கு நினைவிருக்கிறது. அவெஞ்சர்ஸில் வசியம் விட்டு விழித்ததும் ஹாக்ஐ கேட்பது, தன் கையால் எத்தனை பேர் போனார்கள் என்றுதான். அவன் தோழி நடாஷா எண்ணிக்கை சொல்லவில்லை, அப்படி யோசிக்காதே என்று மட்டும் தடுக்கிறாள். உன் கதையில் அந்தக் கேள்விக்கு 21 முழுவதும் கொடு. அதற்காகச் சண்டையில் இரண்டு பக்கம் குறைத்துக்கொள், கூரைமேல் ஓட்டம் போனால் ஒன்றும் நஷ்டமில்லை.

22-இல் ஒரே அறை, ஆறு கட்டம், எல்லாம் ஒரே அளவு. இருட்டில் இடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான், காதில் கட்டு. மின்மினி வாசலில் நிற்கிறாள். கையைத் தூக்குகிறாள், இறக்குகிறாள். வெளிச்சம் காட்ட அவளுக்கே பயம். ஐந்தாவது கட்டத்தில் அவன் கேட்காத காதை அவள் பக்கம் திருப்பி, கட்டில் விளிம்பில் விரலால் தட்டுகிறான்: மூன்று குட்டை, மூன்று நீளம், மூன்று குட்டை. ஆறாவதில் அவள் விரல் நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம். வசனம் வேண்டாம்.

திருத்தியதும் 12 முதல் 17 வரை கட்டைவிரல் அளவுப் படமாகக் கிறுக்கி முதலில் எனக்கு அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா