பெயர் மாற்றிக் கொடுங்கள்: வீடியோ கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

போன மாதம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் என் அக்கா மகனுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் கேம் டிஸ்க் வாங்கினேன். விலை 1,400 ரூபாய். அதில் 900 அவன் சேர்த்துவைத்த பணம். ஏழாவது படிக்கிற பையன் 900 ரூபாய் சேர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைக்காரர் டிஸ்கை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. அட்டையில் இரண்டு பேர் நிற்பார்கள். இடதுபக்கம் வில்லோடு நிற்கிற பெண்ணாக ஆடத்தான் அவன் அந்த கேமைக் கேட்டான்.

வீட்டுக்கு வந்து போட்டால், அந்தப் பெண்ணின் படத்தின்மேல் பூட்டு. பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. அதில் 12 எழுத்துக் கோட். அவனே கன்ட்ரோலரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடித்தான். 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்தது. ஓ எழுத்தா, சைபரா என்ற சந்தேகத்தில் மாற்றி மாற்றி மூன்று தடவை அடித்தான். அதற்கு முன்னால் இந்த டிஸ்கை வைத்திருந்தவர் கோடைத் தன் அக்கவுண்டில் போட்டுவிட்டார். அதில் அவர்மேல் என்ன தப்பு? போடச் சொல்லித்தானே கொடுத்தீர்கள்.

பையன் முகத்தைப் பார்க்க முடியாமல், சரி போகட்டும் என்று ஆன்லைன் ஸ்டோரில் அந்தப் பெண் வரும் டிஎல்சியை (கேமோடு தனியாக இறக்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதி) மட்டும் 999 ரூபாய்க்கு வாங்கினேன். இறங்கியது. பூட்டு திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில்: டிஸ்க் அமெரிக்கப் பதிப்பு, டிஎல்சி இந்திய ஸ்டோரில் வாங்கியது, இரண்டும் ஒட்டாது. அட்டையின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் இது தெரியுமாம். பணத்தைக் கேட்டேன். ஒருமுறை டவுன்லோடு செய்துவிட்டால் திருப்பித் தர மாட்டார்களாம். ஆக 2,399 ரூபாய் செலவழித்தும், அட்டையில் நிற்கிற அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

எந்த கேம், எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. உங்களில் ஒருவர் மட்டும் செய்கிற காரியம் இல்லை இது.

நான் கேட்பது ஒன்றுதான். டிஸ்கோடு வந்தது டிஸ்கோடு போகட்டும்.

பழைய டிஸ்க் விற்றால் உங்களுக்குக் காலணா வராது என்பீர்கள். அந்தக் கோபம் பழையது. 2010இல் மாஸ் எஃபெக்ட் 2 என்ற கேம் வந்தபோது, கூடுதல் பகுதிகளுக்கான கோட் புதுப்பெட்டியில்தான் இருந்தது. பழையது வாங்கியவர்கள் 15 டாலர் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. அதே வருடம் ஈஏ என்ற கேம் நிறுவனம் கால்பந்து போன்ற தன் விளையாட்டு கேம்களில் ஆன்லைன் பாஸ் கொண்டுவந்தது: பழையது வாங்கியவர் ஆன்லைனில் ஆடத் தனியாகக் காசு கட்ட வேண்டும். 2011இல் பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி கேமில் கேட்வுமன் பாத்திரத்தையே கோட் சீட்டுக்குள் அடைத்தார்கள். பிறகு என்ன ஆனது? 2013இல் ஈஏவே ஆன்லைன் பாஸைக் கைவிட்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் (கேம் ஓட்டும் கருவி) பழைய டிஸ்குக்குக் கட்டுப்பாடு என்று அறிவித்த மைக்ரோசாஃப்ட், ஆடுகிறவர்களின் கோபத்தைப் பார்த்து அதே வருடம் ஜூன் மாதம் பின்வாங்கியது. ஆனாலும் சீட்டு மட்டும் இன்னும் பெட்டிக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது.

முதலில் வாங்கியவர் முழு விலை கொடுத்துவிட்டார். அந்த ஒரு பிரதிக்கு உங்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. அவர் ஆடுவதை நிறுத்திய பிறகுதான் அது எங்கள் கைக்கு வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆடவில்லை. விற்ற காசை அவர் பெரும்பாலும் உங்கள் அடுத்த கேமில்தான் போடுவார். புதுசு 4,000, 5,000 என்று விற்கும்போது இங்கே பல வீடுகளில் கேம் நுழைவதே பழைய டிஸ்க் வழியாகத்தான்.

அமெரிக்காவில் ஒரு பதிப்பகம், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று நாவலுக்குள்ளேயே அச்சடித்து வைத்தது. ஒரு கடை 89 சென்டுக்கு விற்றது. 1908இல் உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது: விற்ற பொருளை அடுத்தவர் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல முடியாது. புத்தகத்துக்கு அது நியாயம் என்றால் டிஸ்குக்கு மட்டும் என்ன வந்தது?

எங்கள் ஊரில் பழைய பைக் வாங்கினால் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றுவோம். விற்றவர் கையெழுத்துப் போடுவார், வண்டி வாங்கியவர் பெயருக்கு வரும். ஹெட்லைட் முதல் ஓனருக்கு மட்டும்தான் எரியும் என்று எந்தக் கம்பெனியும் சொல்வதில்லை. அந்தப் பெயர் மாற்றத்தைத்தான் கேட்கிறேன். பழைய ஓனர் தன் அக்கவுண்டிலிருந்து கோடை விடுவிக்க ஒரு பட்டன் கொடுங்கள். விடுவித்ததும் அதே கோட் புதியவருக்கு வேலை செய்யட்டும்.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். 2025இல் வந்த நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலின் கேம்-கீ கார்டைப் பாருங்கள். கார்டுக்குள் கேம் இல்லை, இறக்கிக்கொள்ளும் சாவிதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாவி எந்த அக்கவுண்டிலும் ஒட்டிக்கொள்வதில்லை. கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர் இறக்கி ஆடலாம். முழு கேமுக்கே இது முடியும்போது வில்லோடு நிற்கிற ஒரு பெண்ணுக்கு முடியாதா?

பழையது வாங்குபவர்களோடு இது நிற்பதும் இல்லை. தி க்ரூ கேமைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்கியவர்கள், 2024 மார்ச் 31க்குப் பிறகு அதை ஆட முடியவில்லை. அது ஓட நிறுவனத்தின் சர்வர் வேண்டும், அதை அணைத்துவிட்டார்கள். நின்டென்டோவின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் ஆன்லைன் ஸ்டோர் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. அதில் மட்டும் கிடைத்த கேம்களை இனி நேர்வழியில் காசு கொடுத்து வாங்க வழியில்லை. 'வாங்கு' என்று பட்டனில் எழுதுகிறீர்கள். நாங்கள் வாங்கியது எதுவும் எங்களுடையது இல்லை என்றால் அந்தச் சொல் எதற்கு? இதற்காகவே கலிபோர்னியாவில் 2025இலிருந்து சட்டம் இருக்கிறது: விற்பது உரிமம் மட்டும்தான் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

தயவுசெய்து டிஸ்கோடு வந்ததை டிஸ்கோடு போக விடுங்கள். பெயர் மாற்ற வழி வரும்வரை, ஒருமுறை மட்டும் பயன்படும் கோடில் இருப்பது எது என்று அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். என் கன்சோலில் எந்த நாட்டு டிஸ்க் ஓடுகிறது என்று உங்கள் ஸ்டோருக்குத் தெரியாமல் இருக்காது. ஒட்டாத டிஎல்சி என்றால் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். தெரியாமல் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

அந்தச் சீட்டை என் அக்கா மகன் இன்னும் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறான். என்றைக்காவது வேலை செய்யும் என்கிறான். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பழைய டிஸ்க் வாங்கும் ஒரு வாடிக்கையாளர்,
சென்னை